நாட்டுக் கடன்: வாசகர் கேள்விகளும் எங்கள் பதில்களும்

கடந்த இதழில் மலேசியாவின் நாட்டுக் கடன் பற்றிய கட்டுரை வந்த பிறகு, தலைநகரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் நிறையக் கடிதங்கள் வந்தன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம். கேட்டவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

ஒருவர் 1.2 டிரில்லியன் ரிங்கிட் என்கிறார், இன்னொருவர் 1.5 டிரில்லியன் என்கிறார். இதில் யார் பொய் சொல்கிறார்கள், ஐயா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பட்டர்வொர்த்

இருவரும் சொல்வது உண்மைதான் ஐயா. ஆனால் இரண்டும் வேறு வேறு கணக்கு.

முதல் கணக்கு, கூட்டரசு அரசாங்கம் தன் பெயரில் வாங்கிய நேரடிக் கடன். அரசாங்கப் பத்திரங்கள், இஸ்லாமிய முறைப் பத்திரங்கள், கருவூல உண்டியல்கள், கொஞ்சம் வெளிநாட்டுக் கடன், இவ்வளவும் இதில் அடங்கும். 2023 இறுதியில் இது 1,172.5 பில்லியன் ரிங்கிட். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 64.3 விழுக்காடு. 2024 இறுதியில் ஏறக்குறைய 1.25 டிரில்லியன்.

இரண்டாவது, அரசாங்கம் உத்தரவாதக் கையெழுத்துப் போட்ட கடன். எம்ஆர்டி நகர ரயிலுக்குப் பணம் திரட்டும் டானாஇன்ஃப்ரா, பேருந்தும் ரயிலும் நடத்தும் பிராசாரானா, கிழக்குக் கரை ரயில் பாதைக்கான மலேசியா ரயில் லிங்க், உயர்கல்விக் கடன் தரும் பிடிபிடிஎன் போன்றவை வாங்கியவை இவை. கடன் அந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கும், ஆனால் அது கட்டாவிட்டால் அரசாங்கம் கட்டியாக வேண்டும். இவற்றுள் ஒரு பகுதிக்கு இப்போதே அசலையும் வட்டியையும் பட்ஜெட்டிலிருந்துதான் கட்டுகிறார்கள். எம்ஆர்டி பயணச்சீட்டுப் பணத்தைக் கொண்டு பாதை கட்டிய கடனை அடைக்கவே முடியாது என்பது தொடக்கத்திலேயே தெரிந்த விஷயம். அதனால் இந்தப் பகுதியை மட்டுமாவது கடன் என்றே எண்ணுவதுதான் நியாயம்.

மூன்றாவது, தனியார் கட்டிக்கொடுத்து அரசாங்கம் ஆண்டுதோறும் குத்தகை கட்டிவரும் கட்டடங்களும் பிற கடப்பாடுகளும்.

2018-இல் ஆட்சி மாறியபோது 'ஒரு டிரில்லியன் கடன்' என்று கேள்விப்பட்டீர்களே, அது 2017 இறுதியின் நேரடிக் கடன் 686.8 பில்லியன், உத்தரவாதம் 199.1 பில்லியன், குத்தகைக் கடப்பாடு 201.4 பில்லியன் என மூன்றையும் கூட்டி வந்த 1,087.3 பில்லியன். 2023 ஜனவரியில் பிரதமர் சொன்ன 1.5 டிரில்லியனும் இப்படி நேரடிக் கடனோடு பிற கடப்பாடுகளைச் சேர்த்துச் சொன்னதே. எதிர்க்கட்சியில் இருக்கும்போது பெரிய எண், ஆளுங்கட்சியானதும் சின்ன எண் என்று எல்லாத் தரப்பும் மாற்றி மாற்றிப் பேசி வந்திருக்கின்றன. யாராவது மேடையில் ஓர் எண்ணைச் சொன்னால் "உத்தரவாதம் சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரை அந்த விஷயத்தில் நம்ப வேண்டியதில்லை.

கடன் இல்லாத நாடு எது? அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் நம்மைவிட அதிகம். என் கடைக்கு இதனால் என்ன நட்டம்?
– முடிதிருத்தும் நிலைய உரிமையாளர், செந்தூல்

நட்டம் வட்டியில் இருக்கிறது. 2025 பட்ஜெட்டின் மொத்தம் 421 பில்லியன் ரிங்கிட். அதில் கடனுக்கான வட்டிச் செலவு மட்டும் 54.7 பில்லியன் என்று மதிப்பிட்டார்கள். அதே பட்ஜெட்டில் சுகாதார அமைச்சுக்குக் கிடைத்தது 45.3 பில்லியன். கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையில் விடியற்காலை எண் எடுத்துவிட்டு மதியம் வரை உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களும் தெரிய வேண்டும்.

54.7 பில்லியனை 365-ஆல் வகுத்தால் நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லியன் வருகிறது. இந்திய சமுதாயத்துக்கான அரசாங்கப் பிரிவான மித்ராவின் ஆண்டு ஒதுக்கீடு 100 மில்லியன். ஆண்டு முழுக்க நாம் அடித்துக்கொள்ளும் அந்தத் தொகை, நாட்டின் ஒரு நாள் வட்டிக்குக் கூடக் காணாது.

வருமானத்தில் 15 விழுக்காட்டுக்கு மேல் வட்டிக்குப் போகக்கூடாது என்பது நிதியமைச்சு தனக்குத்தானே போட்டுக்கொண்ட வரம்பு. 2023-இல் வட்டி 46.3 பில்லியன், வருமானம் 315 பில்லியன், அதாவது 14.7 விழுக்காடு. 2025 மதிப்பீட்டில் அது 16-ஐத் தாண்டிவிட்டது.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. இந்த வட்டிக்கு நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பே கிடையாது. கூட்டரசு அரசியலமைப்பின் 98-ஆவது பிரிவு, கடன் செலவுகளை நேரடியாக, அரசாங்க வருமானம் சேரும் தொகுநிதியின் மேல் சுமத்திவிடுகிறது. செலவு மதிப்பீட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் அமைச்சுகளின் செலவுக்கு 'பி' என்றும், இப்படி வாக்கில்லாமல் போகும் செலவுக்கு 'டி' என்றும் தலைப்பெழுத்து இருக்கும். முதலாவது 'பெகாலான்' (வழங்கல்), இரண்டாவது 'தங்குங்ஙான்' (சுமத்தப்பட்ட செலவு). 'பி' தலைப்பில் உறுப்பினர் ஒருவர் பத்து ரிங்கிட்டைக் குறைக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவரலாம். 'டி' தலைப்பில் அந்த வழி இல்லை. அப்படி இருப்பதில் எங்களுக்கு மறுப்பு கிடையாது. நாடாளுமன்றம் நினைத்தால் வட்டியை நிறுத்திவிடலாம் என்ற நிலை வந்தால், கடன் கொடுப்பவர்கள் கூடுதல் வட்டி கேட்பார்கள். ஆகவே தடுக்க வேண்டிய இடம் வட்டி கட்டும் இடமல்ல, கடன் வாங்க அனுமதி கொடுக்கும் இடம். அங்கேதான் நம் அரசியல் தூங்கிவிட்டது. சட்டப்படியான கடன் வரம்பு 55 விழுக்காடாக இருந்தது. கோவிட் காலத்தில் 2020-இல் 60 ஆனது, 2021-இல் 65 ஆனது. அந்த நேரத்தில் ஏற்றியது தப்பில்லை, மக்களுக்குச் சோறு போட வேண்டியிருந்தது. எப்போது, எந்தப் படிகளில் இறக்குவது என்பதையும் அதே நாளில் சட்டத்தில் எழுதி வைக்காததுதான் தப்பு.

அரசாங்கம் என் இபிஎஃப் பணத்தை எடுத்துச் செலவு செய்கிறது என்று வாட்சாப்பில் வருகிறது. உண்மையா?
– தொழிற்சாலை ஊழியர், கெப்போங்

எடுத்துச் செலவு செய்யவில்லை அம்மா, கடனாக வாங்குகிறது. இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதி வாரியம் அரசாங்கப் பத்திரங்களை வாங்கி வட்டி பெறுகிறது. உங்களுக்கு வரும் ஆண்டு லாப ஈவில் அந்த வட்டியும் கலந்திருக்கிறது. 2024-க்கு அறிவித்த 6.30 விழுக்காட்டிலும் அதன் பங்கு உண்டு.

நம் கடனில் ஏறக்குறைய முழுவதும் ரிங்கிட்டில் இருப்பதற்கும், வெளிநாட்டார் கையில் ஐந்தில் ஒரு பங்கு அளவே இருப்பதற்கும் இபிஎஃப் போன்ற உள்நாட்டு நிதிகள்தான் காரணம். டாலரில் வாங்கியிருந்தால் ரிங்கிட் சரியும்போதெல்லாம் கடன் தானாக வீங்கும், நமக்கு அந்தச் சிக்கல் குறைவு. ஆனால் இதில் மறுபக்கமும் இருக்கிறது. வாங்க ஆள் தயாராக இருப்பதால் அரசாங்கத்துக்குக் கடன் எளிதாகக் கிடைக்கிறது. எளிதாகக் கிடைப்பதால் குறைக்க வேண்டும் என்ற அவசரம் வருவதில்லை.

வீட்டுக் கடனை 35 ஆண்டுகளில் நாங்கள் அடைத்துவிடுகிறோம். அரசாங்கம் எப்போது அடைக்கும்?
– வாசகி, ஜாலான் கிள்ளான் லாமா

முழுதாக அடைக்காது, அடைக்க வேண்டியதும் இல்லை. உங்கள் சம்பளம் ஒரு வயதில் நின்றுவிடும், நாட்டின் வருமானம் நிற்பதில்லை. மூன்று ஆண்டு முதல் முப்பது ஆண்டு வரை தவணையுள்ள பத்திரங்களை மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஏலம் விடுகிறது. தவணை முடியும் பத்திரத்தின் அசலைத் திருப்பிக்கொடுக்கப் பெரும்பாலும் புதுப் பத்திரம் விற்கிறார்கள். பழைய பத்திரம் 3.5 விழுக்காட்டில் இருந்து, புதுப்பிக்கும் நேரத்தில் சந்தை 4.5 கேட்டால், ஒரு சென் கூடுதலாகக் கடன் வாங்காமலே வட்டிச் செலவு கூடும். கவலைப்பட வேண்டியது அங்கேதான். எனவே நாங்கள் பார்ப்பது மொத்தத் தொகையை அல்ல. உற்பத்தியில் அது எத்தனை விழுக்காடு, வருமானத்தில் வட்டி எத்தனை விழுக்காடு என்ற இரண்டு விகிதங்களைத்தான்.

நிதிப் பொறுப்புச் சட்டம் வந்துவிட்டதே! பற்றாக்குறை 3 விழுக்காடு, கடன் 60 விழுக்காடு என்று எழுதிவிட்டார்கள். இன்னும் என்ன அரசியல் நடவடிக்கை வேண்டும்?
– பல்கலைக்கழக மாணவர், குளுகோர்

நல்ல கேள்வி, தம்பி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

பொது நிதி மற்றும் நிதிப் பொறுப்புச் சட்டத்தை 2023 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றியது. 2024 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் நான்கு இலக்குகள். ஆண்டுப் பற்றாக்குறை உற்பத்தியில் 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. கடன் 60 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. உத்தரவாதங்கள் 25 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். மேம்பாட்டுச் செலவு 3 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. கடைசி இலக்கைச் சேர்த்தது புத்திசாலித்தனம். இல்லாவிட்டால் பற்றாக்குறையைக் குறைக்க முதலில் வெட்டுப்படுவது பள்ளிக்கூடமும் சாலையும்தான். சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

இனி ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். நாட்டின் ஓராண்டு உற்பத்தி 100, கடன் 64. விலையேற்றமும் சேர்த்து உற்பத்தி 5 விழுக்காடு வளர்ந்தால் அடுத்த ஆண்டு 105. அப்போதும் கடன் விகிதம் 64-லேயே நிற்க வேண்டுமானால் கடன் 67.2 வரை போகலாம். கூடியது 3.2. 105-க்கு அது ஏறக்குறைய 3 விழுக்காடு. ஆக, 3 விழுக்காடு பற்றாக்குறை கடன் விகிதத்தை இறக்காது, இருக்கும் இடத்தில் நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். வளர்ச்சி 4 விழுக்காடாகக் குறைந்தால் நிறுத்தி வைப்பதற்கே பற்றாக்குறை 2.5-க்குள் இருக்க வேண்டும்.

ஐந்து ஆண்டில் 60-க்கு இறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 5 விழுக்காடு வளர்ச்சியில் ஐந்தாம் ஆண்டு உற்பத்தி 127.6. அதில் 60 விழுக்காடு 76.6. அதாவது ஐந்து ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கடன் 12.6 மட்டுமே கூடலாம். அந்த ஐந்து ஆண்டு உற்பத்தியின் கூட்டுத்தொகை 580. வகுத்தால் ஆண்டுக்குச் சராசரியாக 2.2 விழுக்காடு பற்றாக்குறை வருகிறது. சட்டத்தில் இருக்கும் 3-ம் 60-ம் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. 60-ஐ உண்மையாகவே விரும்பினால் 2.2-ஐ நோக்கி நடக்க வேண்டும்.

நாம் எங்கே இருக்கிறோம்? 2021-இல் பற்றாக்குறை 6.4 விழுக்காடு. 2023-இல் 5.0, 2024-இல் 4.1. இறங்கித்தான் வருகிறது, அதை மறுக்கக்கூடாது. ஆனால் 4.1-இலிருந்து 2.2-க்கு இன்னும் 1.9 விழுக்காட்டுப் புள்ளி. 2024 உற்பத்தி சுமார் 1.93 டிரில்லியன் என்பதால் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 37 பில்லியன் ரிங்கிட். அத்தனை ஆரவாரத்தோடு நடந்த டீசல் மானியச் சீரமைப்பில் ஆண்டுக்குச் சுமார் 4 பில்லியன் மிச்சமாகும் என்று அரசாங்கம் அப்போது மதிப்பிட்டது. அதைப் போல ஒன்பது வேண்டும்.

இலக்கைத் தவறவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்பீர்கள். நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் காரணத்தையும் சரிசெய்யும் திட்டத்தையும் அறிக்கையாக வைக்க வேண்டும். அவ்வளவுதான், தண்டனை எதுவும் இல்லை. உறுப்பினர்கள் அந்த அறிக்கையைப் பிரித்து மேய்ந்தால் சட்டம் உயிரோடு இருக்கும். மேசையைத் தட்டிவிட்டுத் தேநீருக்குப் போனால் வெறும் தாள். அரசியல் நடவடிக்கை வேண்டும் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

டீசல் ஏறிவிட்டது, சேவை வரி ஏறிவிட்டது, பெட்ரோலுக்கு மைகாட் அடையாள அட்டை காட்ட வேண்டியிருக்கிறது. கடனைக் குறைக்க எப்போதும் எங்கள் தலையில்தான் கை வைப்பார்களா?
– இல்லத்தரசி, பாயான் பாரு

உங்கள் கோபம் நியாயமானது அம்மா. ஆனால் மானியக் குறைப்பையும் வரி உயர்வையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம்.

2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35-க்குப் போனது. பழைய விலையில் மலிவு டீசலைக் கடத்தி விற்றவர்களுக்கும், பெரிய வண்டி வைத்திருந்த வசதியானவர்களுக்கும் நம் வரிப்பணம் போய்க்கொண்டிருந்தது. நிறுத்தியது சரி. நடத்திய விதத்தில்தான் கோளாறு. சரக்கு லாரிகளுக்கு 2.15-இல் டீசல் தரும் அட்டைத் திட்டத்தில் முதலில் 23 வகை வாகனங்களே இருந்தன, பின்னர்தான் 33 ஆக்கினார்கள். பட்டியலில் இல்லாத வண்டி, தகுதி இருந்தும் அட்டைக்கு விண்ணப்பிக்காத முதலாளி, இவர்களின் கூடுதல் செலவெல்லாம் காய்கறி விலையில் ஏறி உங்கள் கூடைக்கு வந்தது. அட்டையை முதலில் கொடுத்துவிட்டு விலையை ஏற்றியிருந்தால் அந்த அடியில் பாதி விழுந்திருக்காது.

ரோன்95 பெட்ரோலில் அந்தப் பாடத்தைக் கற்றிருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 30-இல் தொடங்கியபோது குடிமக்களுக்கு மாதம் 300 லிட்டர் வரை லிட்டர் 1.99, மற்றவர்களுக்கு 2.60. சாதாரணக் குடும்பத்துக்கு விலை ஏறவில்லை, ஐந்து ஆறு சென் இறங்கவே செய்தது. இதனாலேயே மிச்சமும் குறைவாகத்தான் இருக்கும். அரசியல் துணிவும் சேமிப்பும் எப்போதும் எதிரும் புதிருமாக இழுக்கும்.

வரிக்கு வருவோம். நம் நாட்டின் வரி வருமானம் உற்பத்தியில் 12 முதல் 13 விழுக்காடுதான். இது குறைவு. பொருள், சேவை வரியான ஜிஎஸ்டி இருந்த 2017-இல் அது மட்டும் 44.3 பில்லியன் தந்தது. 2018 ஜூன் 1-இல் அதைப் பூஜ்யமாக்கி, செப்டம்பரில் விற்பனை, சேவை வரியான எஸ்எஸ்டிக்குத் திரும்பினார்கள். ஜிஎஸ்டியை மக்கள் வெறுத்ததற்கு விலைவாசி ஒரு காரணம். வணிகர்கள் வெறுத்ததற்குக் காரணம், அரசாங்கம் அவர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய வரிப்பணம் மாதக்கணக்கில் தேங்கியது. தேங்கிய தொகை 19.4 பில்லியன் என்று 2018-இல் நிதியமைச்சு சொன்னது. என்றைக்காவது அந்த வரி திரும்பி வருமானால், திருப்பித் தரும் பணம் அரசாங்கத்தின் பொதுக் கணக்கைத் தொடாமல் தனி அறக்கணக்கில் நிற்க வேண்டும் என்று சட்டத்தில் எழுத வேண்டும். அது இல்லாமல் எந்தக் கட்சி கொண்டுவந்தாலும் பழைய கதைதான்.

உங்கள் தலையைத் தவிர வேறு இடம் எங்கே என்றால், இரண்டு இடங்கள். பெரிய நிறுவனங்களுக்குத் தரும் வரிச்சலுகைகள் ஒன்று. இவற்றால் எவ்வளவு வருமானம் போகிறது என்று அறிக்கை வெளியிட வேண்டும் என்பது நிதிப் பொறுப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. மானியத்துக்குக் காலக்கெடு வைக்கத் தெரிந்தவர்கள், சலுகைக்கும் காலக்கெடு வைக்க வேண்டும். எத்தனை வேலை வாய்ப்பு வந்தது என்று பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். மற்றது அரசாங்கக் கொள்முதல். திறந்த ஏலம் இல்லாமல் நேரடிப் பேச்சில் கொடுத்த ஒப்பந்தம் ஒவ்வொன்றும், விலையோடும் காரணத்தோடும் பொதுமக்கள் பார்க்கும் பட்டியலில் வர வேண்டும். 2024-இல் கணக்காய்வுச் சட்டத்தைத் திருத்தியதால், பொதுப்பணமும் உத்தரவாதமும் பெற்ற நிறுவனங்களுக்குள்ளும் தலைமைக் கணக்காய்வாளர் போகலாம். நல்ல திருத்தம். அதற்குப் போதிய ஆட்களையும் பணத்தையும் கொடுக்கிறார்களா என்று பட்ஜெட்டில் பாருங்கள்.

பெரிய திட்டங்களை எல்லாம் நிறுத்திவிட்டால் கடன் குறைந்துவிடாதா?
– வாசகர், சுங்கை பீசி

குறையும், ஆனால் எதை வெட்டுகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். எல்ஆர்டி-3 இலகு ரயில் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஜூலையில் அதன் செலவு 31.65 பில்லியனிலிருந்து 16.63 பில்லியனாக இறக்கப்பட்டது. ஆறு பெட்டி கொண்ட 42 ரயில்களுக்குப் பதில் மூன்று பெட்டி கொண்ட 22 ரயில்கள். ஐந்து நிலையங்கள் கைவிடப்பட்டன. பாதிப் பணம் மிச்சம் என்று பாராட்டினோம். பிறகு 2024 பட்ஜெட்டில் அந்த ஐந்து நிலையங்களையும் திரும்பக் கட்ட 4.7 பில்லியன் அறிவித்தார்கள்.

ஒப்பந்த விலையைக் குறைப்பது மிச்சம். மக்களுக்குத் தேவையான நிலையத்தைக் குறைப்பது, செலவைத் தள்ளிப்போடுவது மட்டும்தான். கையெழுத்துப் போடும் முன் சுயேச்சையான மதிப்பீட்டாளர் விலையைப் பார்த்து, அந்த அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வர வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு குறைக்கப் போனால் இழப்பீடும் சேர்ந்து வரும்.

அரசாங்கம் கடன் வாங்குவது மேம்பாட்டுச் செலவுக்கு மட்டுமே என்ற பழைய நெறி நம்மிடம் இருக்கிறது. கோவிட் நிதிக்காகத் தற்காலிகச் சட்டம் போட்டுத்தான் அதைத் தளர்த்தினார்கள். ஆனால் 2023-இல் வருமானம் 315 பில்லியன், நடைமுறைச் செலவு 311.3 பில்லியன். மிச்சம் நான்கு பில்லியன் கூட இல்லை. மேம்பாட்டுச் செலவான 96.1 பில்லியன் ஏறக்குறைய முழுவதும் கடன். எனவே நிறுத்த வேண்டியது ரயிலையா, நடைமுறைச் செலவின் வளர்ச்சியையா என்று கேட்டால், எங்கள் பதில் இரண்டாவது.

பினாங்கு மாநிலம் ஏன் சொந்தமாகக் கடன் வாங்கி எல்ஆர்டி கட்டவில்லை?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

அரசியலமைப்பின் 111-ஆவது பிரிவு விடாது. மாநிலம் கூட்டரசிடமிருந்து கடன் வாங்கலாம், அல்லது கூட்டரசு ஒப்புக்கொண்ட வங்கியிடம் ஐந்து ஆண்டுக்கு மேற்படாமல் வாங்கலாம். ஐந்து ஆண்டுக் கடனில் ரயில் பாதை கட்ட முடியாது. அதனால்தான் தெற்கே கடலைத் தூர்த்து வரும் நிலத்தை வைத்துப் பணம் திரட்ட மாநிலம் முன்பு திட்டமிட்டது. 2024 மார்ச்சில் கூட்டரசு அரசாங்கம் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. எனவே முத்தியாரா தடம் எனப்படும் இந்த எல்ஆர்டியின் செலவு மாநிலக் கணக்கில் இல்லை, நாட்டுக் கணக்கில் இருக்கிறது.

2011-இல் பினாங்கின் கடன் பெரிதும் குறைந்ததை நினைவில் வைத்திருப்பீர்கள். தண்ணீர்ச் சொத்துகளை நிதியமைச்சின் நிறுவனமான பெங்குருசான் அசெட் ஆயருக்கு மாற்றியதால் அது நடந்தது. மாநிலத்துக்கு நல்ல பேரம். ஆனால் கடன் இடம் மாறியதே தவிர மறையவில்லை, அந்தச் சொத்துக்கு இன்றும் குத்தகை உண்டு.

எல்லாம் 1எம்டிபியால் வந்த வினைதானே? திருடிய பணத்தை மீட்டாலே போதாதா? அல்லது 2018-இல் செய்த மாதிரி மக்களே நிதி திரட்டலாமே?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

அரசாங்க முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியின் கடன் 42 பில்லியன் என்று சொல்லப்பட்டது. 2012, 2013-இல் விற்ற 6.5 பில்லியன் அமெரிக்க டாலர் பத்திரங்களை அரசாங்கம் 2022-லும் 2023 மார்ச்சிலும் அடைத்தது. 2009-இல் உத்தரவாதத்தோடு வாங்கிய 5 பில்லியன் ரிங்கிட் கடன் 2039 வரை இருக்கிறது. 2020-இல், அந்தப் பத்திரங்களை விற்றுக்கொடுத்த அமெரிக்க வங்கியான கோல்ட்மன் சாக்ஸ் 3.9 பில்லியன் டாலர் மதிப்புள்ள உடன்பாட்டுக்கு வந்தது. மீட்க வேண்டியதை ஒரு சென் விடாமல் மீட்க வேண்டும். இருந்தாலும் 42 பில்லியன், 2023-இன் கடனில் 4 விழுக்காட்டுக்கும் குறைவு. அரசாங்கம் கடைசியாக உபரி கண்டது 1997-இல். 1998 முதல் ஓர் ஆண்டு கூடத் தவறாமல் பற்றாக்குறை. பெரிய மலை அதுதான்.

2018-இல் கடனை அடைக்கத் தொடங்கிய தாபோங் ஹாராப்பான் நிதிக்கு மக்கள் மனமுவந்து கொடுத்தது 200 மில்லியனுக்குச் சற்று மேல். இன்றைய வட்டிக் கணக்கில் ஒன்றரை நாளுக்குக் கூடப் போதாது. கொடுத்தவர்களின் மனம் பெரிது. ஆனால் இந்தக் கடன் நன்கொடையால் தீராது.

சரி, என்னைப் போன்றவர் என்னதான் செய்ய முடியும்? ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டுப் போடுவதைத் தவிர?
– வாசகர், ஜார்ஜ்டவுன்

நேரத்தைக் கணக்கிட்டுச் செய்யுங்கள், அதுதான் முக்கியம். பட்ஜெட் அக்டோபரில் தாக்கலாகிறது. அதற்குச் சில மாதங்கள் முன்பே நிதியமைச்சு தன் இணையப் பக்கத்தில் பொதுமக்களின் யோசனைகளைக் கேட்கிறது. நம்மவர்கள் அனுப்புவது பெரும்பாலும் கோயில், பள்ளி மானியக் கோரிக்கைகள். அவையும் வேண்டும். கூடவே செலவைக் குறைக்கும் யோசனை ஒன்றும் போகட்டும்.

பட்ஜெட் நாளன்று 'தின்ஜாவான் பிஸ்கல்' என்ற அரசாங்க நிதிநிலை அறிக்கை இலவசமாக வெளியாகும். முழுவதும் படிக்க வேண்டாம். வருமானம், கடன் மேலாண்மை என்ற இரண்டு பகுதிகள் போதும். நேரடிக் கடன், உத்தரவாதம், வட்டி, பற்றாக்குறை, இந்த நான்கு எண்களையும் சென்ற ஆண்டு எண்களோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

பிறகு உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள். மாநிலச் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுத்துப் பயனில்லை; இது கூட்டரசு விஷயம். 'கடனைக் குறையுங்கள்' என்று எழுதினால் 'அரசாங்கம் கடப்பாடு கொண்டுள்ளது' என்ற ஒருவரிப் பதில்தான் வரும். எண் கேட்கும் கேள்வியாக எழுதுங்கள். உதாரணத்துக்கு இப்படி: "வரும் மூன்று ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் பற்றாக்குறை இலக்கு எத்தனை விழுக்காடு? கடன் 60 விழுக்காட்டுக்கு எந்த ஆண்டில் இறங்கும்? உத்தரவாதக் கடன்களில் பட்ஜெட்டிலிருந்து கட்டப்படுவது எந்தெந்த நிறுவனங்களுடையது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு? இந்த ஆண்டு நேரடிப் பேச்சில் கொடுத்த ஒப்பந்தங்களின் மொத்த மதிப்பு என்ன?" இவற்றை எழுத்துப்பூர்வப் பதிலுக்கான கேள்வியாகத் தாக்கல் செய்யும்படி வெளிப்படையாகக் கேளுங்கள். வாய்மொழிக் கேள்விக்கு அவையில் நேரம் போதாமல் போகும். எழுத்துக் கேள்வி என்றால் அமைச்சு பதில் தந்தாக வேண்டும்.

மலாயில் எழுதினால் அப்படியே பயன்படுத்திக்கொள்ள அவருக்கு வசதி. தமிழில் எழுதி, கீழே மலாயில் கேள்விகளை மட்டும் சேர்த்தாலும் போதும். நாலைந்து பேர் கையெழுத்திட்டால் அலுவலகம் அதை ஓரமாக வைக்காது. கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்ட தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி தாக்கலானதா என்று நாடாளுமன்ற இணையப் பக்கத்தில் நீங்களே பார்க்கலாம். அவை நடவடிக்கைக் குறிப்புகளும் அங்கே இருக்கின்றன. பட்ஜெட் விவாதத்தில் கொள்கை நிலை முடிந்து, அமைச்சுவாரியாகச் செயற்குழு நிலை வரும். உங்கள் உறுப்பினர் நிதியமைச்சின் செலவு விவாதத்துக்கு வந்தபோது அவையில் இருந்தாரா, என்ன பேசினார் என்பதை அந்தக் குறிப்புகளில் தேடிப் படியுங்கள். பேசியிருந்தால் நன்றி சொல்லி எழுதுங்கள். பேசவில்லை என்றால் அதே நான்கு கேள்விகளை, தேதி முத்திரை பதிந்த பழைய நகலோடு சேர்த்து, அடுத்த கூட்டத் தொடருக்கு முன் மறுபடியும் கொடுங்கள்.